இப்போது மேகி மேடம் பேசுவார்

ரித்திகா என் முந்தானையில் மைக்கைச் செருகுகிறாள், செருகும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறாள், கை தவறி என் மேல் பட்டால் நான் கடித்துவிடுவேன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது, கடிக்கலாம்தான், யாரையாவது கடித்தால் நன்றாக இருக்கும், ஆனால் இந்தப் பிள்ளை வேண்டாம், போன வருஷம்தான் கல்லூரியிலிருந்து வந்தது, எச்.ஆரில் பெண்கள் தினம், தீபாவளி, பொங்கல் எல்லாவற்றுக்கும் தோரணம் கட்டுகிற வேலை இதற்கு. “மேடம், திவாகர் சார் பேசி முடிச்சதும் உங்களைக் கூப்பிடுவார், நான் இங்கேருந்து கை காட்டறேன்” என்கிறாள். சரிம்மா. கை காட்டு. ஏசி முதுகில் ஊசி குத்துகிறது, ஆண்கள் கோட்டு போட்டுக்கொண்டு உட்காருவதற்காகச் செய்த குளிர் இது, இத்தனை வருஷத்தில் சிறுசேரியில் எந்த ஆபீசிலும் ஒரு பெண் நடுங்காமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் கத்திரிப்பூ நிறத்தில் உடுத்தி வரவேண்டும் என்று மெயில் வந்தது, இந்த நிறம் எனக்கு ஆகவே ஆகாது, காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி தெரிவேன், ஆனாலும் வாங்கினேன், உடுத்தினேன், வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் ஆண்கள் வரிசையாக நின்று ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார்கள், எனக்குக் கொடுத்தவன் போன மாதம் மீட்டிங்கில் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் குறுக்கே பேசியவன், குனிந்து வேறு கொடுத்தான், முள்ளெல்லாம் சீவி வைத்திருந்த ரோஜா. மேடையில் திவாகர் பேசிக்கொண்டிருக்கிறார். இந்த சென்னை ஆபீசுக்கே தலைவர். “எங்க வீட்ல பாஸ் என் மனைவிதான்” என்கிறார், முந்நூறு பெண்கள் சிரிக்கிறார்கள், போன வருஷமும் இதே இடத்தில் இதையே சொன்னார், போன வருஷமும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கன்னத்துத் தசை தானாக மேலே போகிறது, அதற்குப் பழக்கமாகிவிட்டது.

‘என் தலைமைப் பயணத்தில் கற்ற பாடங்கள்’. அதுதான் நான் பேச வேண்டியது. நேற்று ரித்திகா என் அறைக்கு வந்து ஒத்திகை பார்த்தாள், உதவி கேட்கத் தயங்காதீர்கள், தோல்வியைக் கண்டு துவளாதீர்கள், குடும்பத்தையும் வேலையையும் இரு கண்களாகப் பாருங்கள், “இதை நீங்க உங்க ஸ்டைல்ல சொல்லணும் மேடம், இன்ஸ்பைரிங்கா.” என் ஸ்டைல் என்னவென்று இவளுக்கு யார் சொன்னது. நான் கற்ற பாடத்தைச் சொன்னால் இந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். அழுகை வந்தால் பாத்ரூமுக்குப் போகாதே, அங்கே பக்கத்துக் கதவுக்குள் காது இருக்கும், கீழே கார் நிறுத்துமிடத்துக்கு இறங்குகிற படிக்கட்டில் போய் அழு, அங்கே யாரும் வருவதில்லை, இது ஒன்று. மீட்டிங்குக்கு ஒரு தடவை பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனால் ஆயுசுக்கும் நீதான் பிஸ்கட் வாங்க வேண்டும். முதல் கம்பெனியில், நுங்கம்பாக்கத்தில் மாடிப்படிக்கு அடியில் கரப்பான் ஓடுகிற ஆபீஸ் அது, கோவையில் கல்லூரி முடித்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தேன், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னை மீட்டிங் குறிப்பு எழுத வைத்தார்கள், எழுதுகிறவள் பேசக்கூடாது இல்லையா, பேசினால் எழுத்து தவறிப்போகும், இரண்டு வருஷம் அப்படியே எழுதினேன், ஒருநாள் ஒரு யோசனை சொன்னேன், யாரும் திரும்பவில்லை, கொஞ்ச நேரம் கழித்து அதையே பக்கத்திலிருந்தவன் சொன்னான், ஆகா என்றார்கள், அதையும் என்னையே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எழுதினேன். அவன் பெயரைப் போட்டு, அழகான கையெழுத்தில். அப்புறம் அமெரிக்காவுக்கு, மினியாபொலிஸுக்குப் போக வேண்டிய நேரத்தில் மலர் வயிற்றில் இருந்தாள், எனக்கு டிக்கெட் போட்டிருந்த இடத்தில் வேறொருத்தன் போனான், அவன் இப்போது அங்கே வீடு வாங்கி, பனியில் நின்று போட்டோ போடுகிறான். போடட்டும். எதற்கு இதெல்லாம் இப்போது. பக்கத்து நாற்காலியில் டாக்டர் வசுமதி உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர், அவருடைய ஆஸ்பத்திரிக்குத்தான் என் டீம் சாஃப்ட்வேர் செய்கிறது, இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் மினியாபொலிஸை நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் நினைக்கக்கூடாது, இந்தப் பக்கம் நினைத்தால் பெனிட்டா வந்துவிடுவாள்.

வந்துவிட்டாள். பின்னால் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள், வரும்போதே பார்த்தேன், கத்திரிப்பூ நிறத்தில் இல்லை, பழைய மஞ்சள் சுடிதார், காதில் பாட்டு கேட்கிற வயரை மாட்டிக்கொண்டு. எனக்கு அவளைப் பிடிக்காது. காலையில் பார்த்தால் ஒரு குட்மார்னிங் கிடையாது, மீட்டிங்கில் நகம் கடிப்பாள், நாகர்கோவில்காரி, பேசினால் கல்லெடுத்து வீசுகிற மாதிரி பேசுவாள், ஒருநாள் கேன்டீனில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு “அந்தம்மா திவாகருக்கு ஜால்ரா” என்று சொன்னதை என் காதால் கேட்டேன், தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனேன். ஆனால் டெஸ்டிங்கில், சாஃப்ட்வேரில் இருக்கிற தப்பைத் தேடிப் பிடிக்கிற வேலையில், அவளை மாதிரி ஒருத்தி என் டீமில் இல்லை, அதுதான் எரிச்சல். போன மாதம் ஒருநாள் என் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நின்றாள். “மேடம், இத வெளிய விடாதீங்க. ரெண்டு நர்ஸ் ஒரே நேரத்துல திறந்தா ஒருத்தரோட ரத்த ரிசல்ட் இன்னொருத்தர் பேருல காட்டுது.” எப்பவுமா என்றேன். “எப்பவாவதுதான். ஆனா காட்டுது.” நான் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன், திறந்து மூடித் திறந்து மூடி, ஒன்றும் வரவில்லை, எழுந்து போகலாம் என்று நினைத்தபோது வந்தது, ஒரு கிழவரின் ரத்தம் ஒரு கர்ப்பிணியின் பெயரில். நான் நேராக திவாகரிடம் போனேன். சரி செய்ய இன்னும் ஒரு வாரம் வேண்டும் சார் என்றேன். அவர் போனில் எதையோ பார்த்துக்கொண்டே “எப்பவாவதுதானே?” என்றார். ஆஸ்பத்திரி சார், என்றேன். “மேகி, மார்ச்சுக்குள்ள போகணும், மேலே சொல்லியாச்சு. விட்டுடுங்க. வந்தா அப்ப பார்ப்போம்.” வாயால்தான் சொன்னார். அவர் எதையும் எழுத மாட்டார், அவர் கற்ற பாடம் அது. நான் இன்னொரு தடவை வேண்டாம் என்றேன், மூன்றாவது தடவை சொல்வதற்கு வாய் திறந்தேன், அவர் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான், ஒரு பார்வைதான், என் டீம்தான் அதை வெளியே விட்டது.

வந்தது. லாரி ஷெட் வைத்திருக்கிற ஒருத்தருக்கு, தாம்பரத்துக்காரராம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டியிருக்கிறது, காட்டியது வேறு யாருடைய ரத்தமோ, அவருக்குப் பொட்டாசியம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது, ராத்திரி இதயம் நின்று, மார்பில் அழுத்தி மீட்டு, இத்தனை நாளாக ஐ.சி.யூவில். இன்று காலை திவாகர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். காபி வந்தது, எனக்குக் காபி வந்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். “மேகி, இன்னிக்கு மேடையிலயே அனவுன்ஸ் பண்றேன். வைஸ் பிரசிடென்ட். சென்னையில முதல் லேடி நீங்கதான்.” நான் தேங்க்ஸ் என்றேன், சொல்லிவிட்டேனே, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லியாகிவிட்டது, டெஸ்டர் ஒரு டெஸ்ட்டைச் செய்யாமல் விட்டுவிட்டாள் என்று, அந்தப் பெண்ணை இன்றைக்கே அனுப்பிவிட வேண்டும், ஃபங்ஷன் முடிந்ததும் “நீங்களே சொல்லிடுங்க. லேடிகிட்ட லேடி சொன்னா சாஃப்டா இருக்கும்.” சாஃப்டா. நான் என்ன சொன்னேன். காபி குடித்தேன். கீழே படிக்கட்டுக்குப் போனேன், அழுகை வரவில்லை, நாற்பத்தேழு வயதில் அதுவும் வற்றிவிட்டதா என்று நின்று பார்த்துவிட்டு இளங்கோவுக்குப் போன் போட்டேன், என் கணவர், பேங்கில் இருக்கிறார், “வைஸ் பிரசிடென்ட்டா! எங்க பிராஞ்ச்ல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கப்போறேன்” என்றார். மிச்சத்தையும் சொன்னேன். “நீ சொல்லலேன்னாலும் வேற யாராவது சொல்லத்தானே போறாங்க, மங்கை” என்றார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். இந்த வயதில் என்னை வெளியே தள்ளினால் யார் எடுப்பார்கள், இன்டர்வியூவில் மலர் வயதுப் பையன் ஒருத்தன் உட்கார்ந்து, மேடம் புதுசா என்ன கத்துக்கிட்டீங்க என்று கேட்பான், மலரின் படிப்பு, வீட்டு லோன், அது ஒரு பக்கம், அதெல்லாம் கூட இல்லை, பயம் வேறு, இத்தனையும் விழுங்கிவிட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன், இப்போது துப்பினால் இதுவரை விழுங்கியதெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும் இல்லையா.

டாக்டர் வசுமதி என் பக்கம் சாய்கிறார். பவுடர் இல்லாத முகம், வெள்ளைப் புடவை, அவருக்கு யாரும் மெயில் அனுப்பவில்லை போல. “நீங்கதானே அந்த டீமுக்கு ஹெட்?” ஆமாம் டாக்டர். “அவர் நேத்து கண்ணு முழிச்சார். டீ கேட்டார்.” யார் என்று கேட்க வேண்டியதில்லை, அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, நான் கேட்கவே இல்லை, பெயர் தெரிந்தால் அவருக்கு முகம் வந்துவிடும் என்று. பேர் என்ன டாக்டர் என்கிறேன். “வேலாயுதம். அவர் மனைவி தினமும் என் ரூம் வாசல்ல வந்து நிக்கிறாங்க. யாரு பண்ண தப்பு மேடம்னு கேக்கறாங்க. ஒரு பொண்ணு, டெஸ்ட்டை விட்டுட்டாளாம்னு சொன்னேன். அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? சின்னப் பொண்ணா, அதுக்கு வேலை போயிருமான்னு.” சொல்லிவிட்டு அவர் மேடையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்காமல் சொன்னாரா, பார்க்கக் கூடாதென்று சொன்னாரா, டாக்டர்களுக்கு எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று தெரியும். எனக்கு அந்தம்மாள் மேல் கோபம் வருகிறது. புருஷனைக் கிடத்திவிட்டு இவள் எதற்கு அந்தப் பெண்ணுக்காக இரக்கப்படுகிறாள், திட்டியிருக்கலாமே, மண்ணை வாரித் தூற்றியிருக்கலாமே, எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

“லாஸ்ட் மன்த் நமக்கு ஒரு கஷ்டமான நேரம் வந்தது” என்கிறார் திவாகர். குரலைத் தாழ்த்திக்கொள்கிறார், கை நெஞ்சுக்குப் போகிறது, விருந்தினரைப் பார்த்துத் தலை குனிகிறார். “அப்ப பதறாம நின்னது யாரு? ஒரு நல்ல லீடர் என்ன செய்வாங்க? வீக் லிங்க் எங்க இருக்குன்னு பார்ப்பாங்க. எடுத்துப் போட்டுட்டு முன்னால போவாங்க. அப்படி ஒரு லீடர், நம்ம மேகி!” ரித்திகா கை காட்டுகிறாள். நான் எழுந்துவிட்டேன், கால் எழுந்துவிட்டது, படி ஏறுகிறேன், மேகி, மேகி, நூடுல்ஸ் பாக்கெட் மாதிரி, என் பெயர் மங்கையர்க்கரசி, என் அப்பா திண்டுக்கல்லில் ஒரு சர்வேயர், பிறந்தது பெண் என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது பாண்டிய அரசியின் பெயரைத் தேடி வைத்தார், ஆபீசில் முதல் வாரமே அமெரிக்காக்காரனுக்கு வாயில் நுழையவில்லை என்று வெட்டினார்கள், அமெரிக்காக்காரன் கேட்கக்கூட இல்லை, இங்கே இருக்கிறவர்களே வெட்டிக் கொடுத்தார்கள், திவாகரின் முழுப்பெயரை மட்டும் அவன் எப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டான். வீக் லிங்க், பெனிட்டாவைச் சொல்கிறார். விளக்கு கண்ணில் அடிக்கிறது. கூட்டம் தெரியவில்லை, கத்திரிப்பூ நிறத்தில் ஒரு இருட்டு, பின்னால் ஒரு மஞ்சள். எல்லாருக்கும் வணக்கம். என் குரல் ஸ்பீக்கரில் வேறு யாருடையது மாதிரியோ வருகிறது, உதவி கேட்கத் தயங்காதீர்கள் என்கிறது அது, கைதட்டுகிறார்கள், தோல்வியைக் கண்டு என்கிறது, துவளாதீர்கள் வரவில்லை, தோல்வியைக் கண்டு, என்று மறுபடி சொல்கிறேன், தண்ணீர் வேண்டுமா என்று ரித்திகா பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறாள். வேண்டாம். “என் டீம்ல பெனிட்டான்னு ஒரு பொண்ணு” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அந்த வார்த்தைதான் வாய்க்குப் பக்கத்தில் நின்றது. “போன மாசம் அந்த ரிலீஸுக்கு முன்னாடி அவ என்கிட்ட வந்து, இது வேண்டாம், ரிசல்ட் மாறுதுன்னு சொன்னா. டெஸ்ட்டை அவ விடல. டெஸ்ட் பண்ணினதாலதான் கண்டுபிடிச்சா. நானும் வேண்டாம்னு சொன்னேன். ஆனாலும் விட்டோம். அவ சொன்னதுதான் சரி.”

கைதட்டினார்கள். சொல்லி வைத்த மாதிரி அரங்கமே கைதட்டியது, யாரோ விசில்கூட அடித்தார்கள், மேடையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டாள் இல்லையா, அது போதும், அவர்களுக்கு நான் என்ன சொன்னேன் என்பது காதில் விழவில்லை, பணிவு என்று ஒரு பாடம், ஜூனியர் சொல்வதைக் கேள் என்று ஒரு பாடம். திவாகரும் தட்டுகிறார். முதலில் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன், இப்போது ரத்தம் திரும்பிவிட்டது, விட்டோம் என்றுதானே சொன்னாள், யார் என்று சொல்லவில்லையே, சிரிக்கிறார், தலையை ஆட்டுகிறார், இதோ வழி, அகலமாகத் திறந்து கிடக்கிறது, இறங்கிப் போய் உட்கார்ந்துவிடலாம், வைஸ் பிரசிடென்ட் ஆகிவிடலாம், சொல்லியும் ஆயிற்று, சொல்லாமலும் ஆயிற்று, எவ்வளவு கெட்டிக்காரி நான், இத்தனை வருஷம் சும்மா இருந்தேனா. காலை எடுத்து வைத்தேன். “ஒரு நிமிஷம்மா” என்று கீழே இருந்து குரல். டாக்டர் வசுமதி எழுந்து நிற்கிறார், மைக் இல்லை, வார்டில் பேசிப் பழகிய குரல். “எங்ககிட்ட டெஸ்ட்டே பண்ணலைன்னு சொன்னாங்க. வேண்டாம்னு ரெண்டு பேர் சொல்லியும் யார் விடச் சொன்னாங்க?” கைதட்டல் ஓரங்களில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் இல்லை. ஏசி சத்தம் கேட்கிறது. திவாகர் என்னைப் பார்க்கிறார். அதே பார்வை. அன்றைக்கு மூன்றாவது தடவை சொல்ல வாய் திறந்தபோது பார்த்த பார்வை, அதை இவ்வளவு நாளாகப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அது ஒரு பயந்த மனுஷனின் கண், அவ்வளவுதான், இதற்கா பயந்தேன். “திவாகர் சார்” என்றேன். “நான் அவர் ரூமுக்குப் போய் ஒரு வாரம் கேட்டேன். எப்பவாவதுதானே வரும், விட்டுடுங்கன்னு சொன்னார்.”

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடக்கிறது, என் உடம்புதான் மெதுவாக இருக்கிறது. திவாகர் என் மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, தன் மைக்கில், இது டெக்னிக்கல் விஷயம், அப்புறம் உட்கார்ந்து பேசலாம் என்றார், வைஸ் பிரசிடென்ட் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை, வராது. இறங்கும்போது என் காதருகே “உங்க கதை முடிஞ்சுது” என்றார், சிரித்த முகம் மாறாமல், நானும் அதே மாதிரி சிரித்துக்கொண்டு கேட்டேன், கன்னம் பழகியதுதானே. டாக்டர் வெளியே போய்விட்டார், திவாகர் பின்னாலேயே போனார், ரித்திகா அழுதுவிடுவாள் போல ஓடிப்போய்ப் பாட்டைப் போட்டுவிட்டாள், நாலு பெண்கள் ஆடத் தொடங்கினார்கள். என்னைத் தாண்டிப் போகிறவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள், எனக்கு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது, தொட்டால் அவர்களுக்கும் வந்துவிடும். வரட்டும், எல்லாருக்கும் வரட்டும். நான் வராண்டாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே வெயில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓ.எம்.ஆர். சாலை கொதிக்கிறது, மூச்சு பாதியிலேயே திரும்பி வருகிறது, மாரடைப்பா, இல்லை, பசியாக இருக்கும், காலையிலிருந்து அந்தக் காபிதான். மலரிடம் என்ன சொல்வேன். இளங்கோ இந்நேரம் ஸ்வீட் வாங்கியிருப்பார்.

“மேடம்.” பெனிட்டா நிற்கிறாள். அழுகிற முகம் இல்லை, நன்றி சொல்கிற முகமும் இல்லை, எனக்குத் தெரியும், இவளிடம் அதை எதிர்பார்த்தேனா, எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல் எதிர்பார்த்தேன். “எல்லாரும் போன்ல எடுத்துட்டாவ. சாயங்காலத்துக்குள்ள ஊர்ல எங்கம்மைக்குப் போயிரும். நான் பாக்கிற வேலையில ஒரு ஆள் சாவக்கிடந்தாருன்னு அவங்களுக்கு இதுவரைக்கும் தெரியாது.” மூச்சு வாங்குகிறாள், நகத்தைப் பார்க்கிறாள், கடிக்கவில்லை. “எம் பேர மேடையில சொல்லுகதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?” எனக்குச் சுர்ரென்று ஏறியது. உனக்காக என் வேலையையே, என் இத்தனை வருஷத்தையும், என்று நாக்கு நுனிவரை வந்தது, நன்றி கெட்டவளே என்று வந்தது. உன்னைக் கேட்கணுமா நான். கேட்கணும். அவள் பெயர். திவாகர் ஒரு காரியத்துக்கு எடுத்தார், நான் வேறு காரியத்துக்கு எடுத்தேன், இரண்டு பேருமே அவளைக் கேட்கவில்லை, நல்ல காரியம் என்றால் கேட்க வேண்டாம் என்று எந்த மடையன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. “கேட்டிருக்கணும்” என்றேன். அவள் இதை எதிர்பார்க்கவில்லை. “இன்னிக்கு உன்னை வேலையிலேருந்து அனுப்பச் சொல்லி என்கிட்டதான் சொல்லியிருந்தார். அதையும் நீ தெரிஞ்சுக்கணும்.” “தெரியும் மேடம். காலையிலேயே எனக்கு சிஸ்டத்துல நுழைய முடியல.” அப்படியென்றால் தெரிந்தே வந்து உட்கார்ந்திருக்கிறாள், அந்த மஞ்சள் சுடிதாரில், இந்தக் கூத்தைக் கடைசிவரை பார்ப்பதற்கு.

வராண்டாவின் கோடியில் மீட்டிங் அறைக் கதவு திறக்கிறது. டாக்டர் வசுமதி எட்டிப் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க” என்கிறார். அவருக்குப் பின்னால் மேஜையில் திவாகர் உட்கார்ந்திருக்கிறார், தலையைத் தூக்கவில்லை. நான் புடவையைச் சரி செய்துகொண்டு முன்னால் நடந்தேன், என்ன சொல்ல வேண்டும், எதில் ஆரம்பிக்க வேண்டும், எந்த வார்த்தையை எங்கே வைக்க வேண்டும், எல்லாம் மளமளவென்று வந்து நிற்கிறது, நன்றாகப் பேசுவேன், இந்தத் தொழிலில் என்னைவிட நன்றாகப் பேசக் கற்றவர்கள் குறைவு. “மேடம்” என்றாள் பெனிட்டா பின்னாலிருந்து. “அதக் கண்டுபிடிச்சது நாந்தான். நான் பேசட்டா?” நின்றேன். வாய் நிறைய வார்த்தை. அவள் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. “நீயே பேசு” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன், அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் என்னைப் பார்த்து “சொல்லுங்க” என்றார், நான் பெனிட்டாவைக் காட்டினேன், அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள், ஆரம்பமே தப்பு, நடுவிலிருந்து ஆரம்பிக்கிறாள், நான் என்றால் இப்படி ஆரம்பித்திருக்க மாட்டேன், திருத்தலாம் என்று உதடு பிரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.